தம்பிக்கு டிபி, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வியாசைஅக்கா | திங்கள், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் தண்ணீர் லாரி, குப்பை, பஸ் பற்றித்தான் எழுதுவோம். இன்று என் வீட்டு விஷயம். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

என் தம்பிக்கு 27 வயது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக்காரர் மூலமாக லோடு வேலை. ஐந்து வாரமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனைகிற வியர்வை. 61 கிலோ இருந்தவன் 49க்கு வந்துவிட்டான். தெருமுனை கிளினிக்கில் மூன்று முறை இருமல் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் சளிப் பரிசோதனை, டிபி என்று வந்தது. சாதாரண மருந்துக்கே கட்டுப்படுகிற வகைதான், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து இன்றோடு 19 நாள். காய்ச்சல் நின்றுவிட்டது, பசி எடுக்கிறது.

போன வாரம் மாத்திரை பற்றி விசாரிக்க ஒரு ஊழியர் வந்திருக்கிறார். வீடு தெரியவில்லை. டீக்கடையில் நின்று "இங்க டிபி பேஷண்ட் வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் தெரியாது என்றதும் ரேஷன் கடை வரிசையில் தம்பி பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அம்மா காலையில் வாசலில் இட்லி போடுவார். தினமும் 150 இட்லியாவது போகும். மறுநாள் 20 போனது, அதுவும் தெரு தெரியாமல் வந்தவர்கள் வாங்கியது. மேஸ்திரி போனில் "உடம்பு சரியானதும் சொல்லு, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். ஹவுஸ் ஓனர் நேரில் வந்தார். ஏழு குடித்தனத்துக்கும் குழாய் பொது, கக்கூஸ் பொது, மாசக் கடைசிக்குள் காலி பண்ணிடுங்க என்கிறார். 30,000 ரூபாய் அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவாராம்.

நேற்று ராத்திரி தம்பி கேட்டான், "மாத்திரையை நிறுத்திட்டா அவங்க தேடி வர மாட்டாங்க இல்லக்கா?" நிறுத்தினால்தான் இன்னும் தேடுவார்கள் என்றேன். அப்படியென்றால் ஆரணியில் சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன், அங்கே யாருக்கும் தெரியாது என்கிறான்.

ஹவுஸ் ஓனர் இப்படிச் செய்யலாமா? ஊழியர் இப்படி ஊரெல்லாம் சொல்லலாமா? டிபி வந்தவனுக்கு உரிமை என்று ஏதாவது இருக்கிறதா, இல்லையா?


கொருக்குப்பேட்டை_வாசி | திங்கள், இரவு 10.50

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை ஒருநாள்கூட விட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கள் சித்தப்பா நடுவில் விட்டுத்தான் திரும்பப் படுத்தார். ஊருக்குப் போயே ஆக வேண்டுமென்றாலும் சிகிச்சையை அந்த ஊருக்கு மாற்றித் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சொல்லாமல் போனால்தான் ஆபத்து.


மூன்றுபிள்ளைஅப்பா | செவ்வாய், காலை 6.30

அக்காவின் வருத்தம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருந்த காம்பவுண்டில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு டிபி. இரண்டு மாதம் மாத்திரை போட்டுவிட்டு, குடியும் சேர்ந்து, நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார். என் கடைசிப் பெண் அவர் மடியில்தான் வளர்ந்தாள். நான்கு வயதில் அவளுக்குக் கழுத்தில் நெறி கட்டி, எடை ஏறாமல் போய், எக்ஸ்ரே எடுத்தால் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வருகிற டிபி என்றார்கள். ஆறு மாதம் அந்தக் குழந்தை வாயைத் திறந்து மருந்து ஊற்றியிருக்கிறேன். வாந்தி எடுத்தால் திரும்ப ஊற்ற வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு உரிமை இருந்தது, சரி. என் பெண்ணுக்கு? யாருக்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் அவளை அங்கே விட்டிருக்கவே மாட்டேன். மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பிடித்துப் போய் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன்.


பேசின்பிரிட்ஜ் | செவ்வாய், காலை 7.05

அண்ணே, அவர் தம்பி மாத்திரை போடுகிறவர். போட்டதற்காகத்தான் தெருவில் பேர் போனது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதை வேறு.


சிஸ்டர்_ஓட்டேரி | செவ்வாய், மதியம் 2.40

நான் வடசென்னையில் முப்பது வருஷம் டிபி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வியாசை அக்காவுக்கு. சரியான மருந்து ஆரம்பித்து இரண்டு வாரம் ஆனால் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். உங்கள் தம்பி 19 நாள் போட்டிருக்கிறார். டிபி இருமல் வழியாகக் காற்றில்தான் பரவும். குழாயில் தண்ணீர் பிடித்தால் வராது, கக்கூஸ் வழியாக வராது, தட்டு டம்ளரில் வராது. அம்மா சுடுகிற இட்லியில் வரவே வராது. அந்தத் தெருவில் இப்போது பயப்பட வேண்டிய ஆள் உங்கள் தம்பி இல்லை. ஒரு மாதமாக இருமிக்கொண்டு, போய்ச் சோதித்துக்கொள்ளாமல் இருக்கிறவர் யாரோ அவர்தான். ஊழியர் டீக்கடையில் கேட்ட கேள்வியைக் காதில் வாங்கிய பிறகு அந்த ஆள் சோதனைக்கு வருவாரா? நிச்சயம் வர மாட்டார்.

பெண்ணின் அப்பாவுக்கும் சொல்ல வேண்டும். ஐயா, உங்கள் வீட்டில் நடந்தது கொடுமை. அந்தப் பெரியவர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் குழந்தைகள் இருந்தால் அவர்களைச் சோதித்து, நோய் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பெண் அவர் மடியில் வளர்ந்தவள் என்று யாராவது விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்காதது எங்களைப் போன்றவர்களின் தப்பு.

ஆனால் பிடித்துப் போய் அடைப்பது? அதற்குத்தான் நம்ம ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும்.

டிபி என்றால் சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கிற ஆஸ்பத்திரி என்று இருந்த காலம் ஒன்று. தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கே அந்தப் பேர் இருக்கிறது இல்லையா, 1928ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. ஆனால் எத்தனை பேருக்குக் கட்டில் கிடைக்கும்? கிடைத்தாலும் ஒரு வருஷம் குடும்பத்தை விட்டு யார் போய்ப் படுப்பது, வீட்டில் யார் சம்பாதிப்பது? 1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நம் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து. மெட்ராஸில் நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வு இல்லை, ஒரே அறையில் ஆறு பேர் ஏழு பேர். ஆனாலும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாக நோய் வரவில்லை. 1959ல் முடிவு வெளியானது. அப்புறம்தான் உலகம் பூராவும் சானடோரியங்களை மூட ஆரம்பித்தார்கள். டிபி வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்தவர்கள் மெட்ராஸ் சேரி ஜனங்கள். அந்த ஊரில் இன்றைக்கு ஒரு பையனை வீட்டைக் காலி பண்ணு என்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

இன்னொன்றும் இங்கேதான் பிறந்தது, அதையும் மறைக்கக் கூடாது. வீட்டில் மாத்திரை கொடுத்தால் நிஜமாகவே போடுகிறார்களா என்று சந்தேகம் வந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவது, சிறுநீரைச் சோதிப்பது எல்லாம் ஆரம்பித்தது. கண் முன்னால் விழுங்க வைப்பது என்கிற முறை அப்படித்தான் வளர்ந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பதிவேட்டில் விட்டுப் போனவர்களுக்கு "டிஃபால்ட்டர்" என்று எழுதுவோம், கடன் கட்டாதவனை எழுதுவது மாதிரி. அந்த வார்த்தை தலைக்குள் போய்விட்டால் வாயும் அப்படியே பேசும். நானும் தெருவில் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படிக் கூப்பிட்ட ஒரு பெண் அன்று இரவே வேறெங்கோ போய்விட்டாள், அவளை நாங்கள் திரும்பப் பார்க்கவே இல்லை. அவள் மாத்திரை ஆரம்பித்து அது இரண்டாவது மாதம். அதற்குப் பிறகு எந்த வீட்டைத் தேடிப் போனாலும் ரேஷன் கார்டு விஷயம் என்றுதான் சொல்வேன்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், எடை ஏறும், வேலைக்குக் கூப்பிடுவார்கள். காசிமேட்டில் விசைப்படகு ஏறினால் திரும்ப வரப் பல நாள் ஆகும், மாத்திரை கைவசம் இருக்காது. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். மூட்டு வலிக்கும். 2024 மார்ச்சில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்தபோது மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு எழுதியது. மருந்து தர வேண்டியவர்கள் தராமல் போனால் அவர்களை யாரும் டிஃபால்ட்டர் என்று எழுதுவதில்லை.


கொருக்குப்பேட்டை_வாசி | செவ்வாய், மாலை 5.20

சிஸ்டர், சிறுநீர் சிவப்பு விஷயம் எங்கள் சித்தப்பாவுக்கு அப்படியே நடந்தது. இவ்வளவு நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.


சட்டம்_படித்தவன் | செவ்வாய், இரவு 9.00

வழக்கறிஞராகச் சொல்கிறேன். பொதுவான தகவல்தான், உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது.

வீடு: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காலி செய்ய வைக்க என்னென்ன காரணம் சொல்லலாம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது இப்படி. நோய் அந்த வரிசையில் இல்லை. வாடகைதாரரை விரட்ட வேண்டும் என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. ஒப்பந்தம் போடாததையே ஒரு காரணமாகக் காட்டவும் அதில் இடம் இருக்கிறது. வியாசர்பாடியில் வாய்ப்பேச்சு வாடகைதான் அதிகம் என்று தெரியும். அக்கா, வாடகை கொடுத்ததற்கு ஜிபே ரசீது, அட்வான்ஸ் கொடுத்த துண்டுச் சீட்டு, கேஸ் பில் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். எதுவானாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது.

இலவசச் சட்ட உதவி: பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. அம்மா பெயரிலோ உங்கள் பெயரிலோ மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

ஊழியர் பேர் சொன்னது: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. ஒருவரது நோய் விவரமும் அதற்குள் அடங்கும். டிபி நோயாளியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012லிருந்து கட்டாயம் இருக்கிறது, அது நோயை அடக்கத் தேவையானதும்கூட. அரசுக்குத் தெரிவிப்பது வேறு, ரேஷன் கடை வரிசைக்குத் தெரிவிப்பது வேறு. மேலதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த ஊழியரின் வேலையைப் பறிக்கக் கேட்காதீர்கள், அவரும் ஒப்பந்த ஊழியராகத்தான் இருப்பார். வீடு தேடுகிற முறையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை: இங்கேதான் எனக்கு மனக்குறை. எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017ல் தனிச் சட்டம் வந்தது. வேலையிலிருந்து நீக்கக் கூடாது, வாடகை வீடு மறுக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. டிபிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆறு மாதத்தில் குணமாகிற நோய்க்கு வேலையை இழக்க வேண்டியிருக்கிறது. தம்பிக்குச் சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுச் சந்தா பிடித்தார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்க வழி உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் கட்டியிருந்தால் நீண்டகால நோய்ப் பட்டியலில் டிபி இருக்கிறது, 80 சதவீதச் சம்பளத்தோடு நீட்டிக்கலாம். பல ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தங்களுக்கு ஈஎஸ்ஐ இருப்பதே தெரியாது.

பெண்ணின் அப்பாவுக்கு ஒரு விஷயம். கென்யாவில் 2010ல் நீங்கள் சொன்னதைச் செய்தே பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள் என்று நோயாளிகளைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். நெரிசலான சிறை, காற்றோட்டம் இல்லை. டிபி பரவ அதைவிட நல்ல இடம் வேண்டுமா? 46 நாள் கழித்து வெளியே வந்து வழக்குப் போட்டார்கள். 2016 மார்ச் 24, உலகக் காசநோய் நாள் அன்றே, நைரோபி உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. கட்டாயமாகத் தனிமைப்படுத்துவது எல்லா வழியும் அடைபட்ட பிறகு, அதுவும் மருத்துவ இடத்தில் மட்டும்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சிறை எப்போதும் கூடாது.


மூன்றுபிள்ளைஅப்பா | செவ்வாய், இரவு 9.45

சிறை என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னேன்.


பழையபதிவேடு | புதன், அதிகாலை 1.10

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எனக்கு 2014ல் டிபி. மருந்துக்குக் கட்டுப்படாத வகை. அப்போது எனக்கு 22 வயது, பி.காம் முடித்துக் கணக்கு எழுதும் வேலை. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "முன்னாடி மாத்திரையை விட்டியா?" நான் அதற்கு முன் ஒரு டிபி மாத்திரையைக்கூடக் கையால் தொட்டதில்லை. யாரோ ஒருவரிடமிருந்து எதிர்ப்புச் சக்தி உள்ள கிருமியே நேராக எனக்கு வந்திருக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே நான் குற்றவாளி மாதிரி.

ஆறு மாதம் தினமும் ஊசி. கனமைசின். மொத்தச் சிகிச்சை 24 மாதம். நான்காவது மாதம் காதில் ஒரு இரைச்சல் ஆரம்பித்தது, குக்கர் விசில் நின்ற பிறகும் காதிலேயே இருக்குமே, அந்த மாதிரி. ஊசி போடுகிறவரிடம் சொன்னேன். பலவீனம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். அந்த ஊசியால் காது போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காதைச் சோதிக்கவும் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவது கேட்காமல் போன அன்றுதான் எனக்கே புரிந்தது. இப்போது இரண்டு காதும் கிட்டத்தட்ட இல்லை.

நான் குணமாகிவிட்டேன். பதிவேட்டில் வெற்றி என்று இருக்கும்.

உரிமை என்றால் எனக்கு இதுதான். எனக்குள் செலுத்துகிற மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு மருந்து இருந்தால் அது எனக்குக் கிடைக்க வேண்டும். பெடாகுவிலின் என்கிற மாத்திரை அப்போதே வெளியே வந்துவிட்டது. இங்கே சில ஊர்களில் மட்டும் கொடுத்தார்கள். 2017 ஜனவரியில் பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண்ணுக்கு, நீ டெல்லிக்காரி இல்லை என்று டெல்லி ஆஸ்பத்திரி மறுத்ததால் அவளுடைய அப்பா டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த மாத்திரையை வாங்கினார். அடுத்த வருஷம் அவள் இறந்துவிட்டாள். தாமதமாகக் கிடைத்தது.

அந்த மருந்தின் காப்புரிமையை இன்னும் சில வருஷம் நீட்டிக்கக் கம்பெனி விண்ணப்பித்தபோது எதிர்த்து நின்ற இருவரும் டிபியிலிருந்து பிழைத்தவர்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. இருவருக்குமே என்னைப் போல மருந்தால் காது போயிருக்கிறது. 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஜூலையில் மூலக் காப்புரிமையும் முடிந்தது. இப்போது அந்த மாத்திரையை வைத்து ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிகிற சிகிச்சைக்கு இந்தியாவில் 2024ல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் காது மிஞ்சும்.

அக்கா, உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.


வியாசைஅக்கா | புதன், காலை 11.30

பழையபதிவேடு தம்பி, நீங்கள் எழுதியதை என் தம்பியிடமே படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. போனை ரொம்ப நேரம் வைத்திருந்தான். மாத்திரையை அவனே எடுத்துப் போட்டான்.

ஆரணிப் பேச்சு இன்று இல்லை. ஆனால் பணம் பெரிய கவலை. இட்லி வியாபாரம் படுத்ததால் மாவுக்கு வாங்கிய வாரக் கடன் நிற்கிறது. டாக்டர் முட்டை, பால், பருப்பு சாப்பிடச் சொல்கிறார். ஈஎஸ்ஐ பற்றி மேஸ்திரியிடம் கேட்டால் "அதெல்லாம் எங்க" என்கிறார். சம்பளச் சீட்டு என்று ஒன்று அவன் பார்த்ததே இல்லை.


புளியந்தோப்பு_மருத்துவர் | புதன், மதியம் 3.15

டிபி நோயாளிகளின் சாப்பாட்டுக்கு அரசு தருகிற நிக்ஷய் போஷண் உதவித்தொகை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 2018ல் மாதம் 500 ரூபாயாக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆறு மாதத்துக்கு 6,000, வங்கிக் கணக்குக்கு நேரே வரும். பலருக்கு வராமல் போவது கணக்கில் ஆதார் இணைக்காததாலும், கணக்கு செயலிழந்து கிடப்பதாலும்தான். இன்றே வங்கிக்குப் போய் உறுதி செய்யுங்கள். 1800 11 6666 கட்டணமில்லா எண், அதிலும் கேட்கலாம்.

அந்த ஆயிரத்தில் ஒரு ஆளுக்கு வேண்டிய முட்டையும் பாலும் முழுசாக வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மருந்துக்குச் சமம். ஜார்க்கண்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2023ல் முடிவு வந்தது. நோயாளியின் வீட்டில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறப்பது நன்றாகக் குறைந்தது. இந்த நாட்டில் டிபி வருவதற்கு முதல் காரணமாகப் பசியைத்தான் சொல்ல வேண்டும். அதனால் ரேஷன் கடையை நான் டிபி ஆஸ்பத்திரியின் ஒரு கிளையாகவே பார்க்கிறேன்.

61லிருந்து 49 என்பது பெரிய இறக்கம். அவர் உயரத்தைச் சொல்லி, தீவிர எடைக்குறைவில் வருகிறாரா என்று கேளுங்கள். 2022லிருந்து தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. ரொம்ப மெலிந்தவர்கள், மூச்சுத் திணறுகிறவர்கள், எழுந்து நிற்க முடியாதவர்கள் யார் என்று ஆரம்பத்திலேயே பிரித்து, தேவைப்பட்டால் உடனே சேர்த்துக் கவனிப்பதுதான் அந்தத் திட்டம். கட்டிலில் சேர்ப்பது தண்டனையாக இல்லாமல் சிகிச்சையாக இருப்பதற்கு இது ஒரு உதாரணம்.

வீட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒற்றை அறை என்றால் அவர் தலைமாட்டை ஜன்னல் பக்கம் போடுங்கள். இன்னும் கொஞ்ச நாள் மாஸ்க் போடட்டும். வீட்டில் எல்லோரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் அம்மாவுக்கும்.


மூன்றுபிள்ளைஅப்பா | புதன், இரவு 8.20

எல்லாவற்றையும் படித்தேன். காது போன தம்பி எழுதியதை இரண்டு தடவை.

அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டறையில் இரும்புக் கடைசல் வேலை. டிபி என்று தெரிந்ததும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் குடி அதிகமானது. அது எனக்கு அப்போதே தெரியும். அதை இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. குழந்தைகள் இருக்கிற காம்பவுண்டில் நிஜமாகவே ஒருவர் மாத்திரை போட மாட்டேன் என்றால் என்ன செய்வது? கெஞ்சிக்கொண்டே இருப்பதா?


சிஸ்டர்_ஓட்டேரி | புதன், இரவு 9.30

ஐயா, நியாயமான கேள்வி. முப்பது வருஷத்தில், எல்லாம் செய்து கொடுத்த பிறகும் மாட்டேன் என்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சம்பளம் இல்லை, சாப்பாடு இல்லை, குடியை விட உதவி இல்லை, மருந்தே தீர்ந்துபோச்சு என்ற நிலையில் மாட்டேன் என்றவர்கள்தான் நூற்றுக்கணக்கில். பரவுகிற அந்த முதல் சில வாரம் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் அந்த வாரங்களின் கூலியை யாராவது கொடுக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு அதைக் கொடுத்திருந்தால் அவர் திண்ணையில் உட்கார்ந்து இருமியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாவற்றுக்கும் பிறகும் ஒருவர் மறுத்தால், சட்டம் படித்தவர் சொன்ன மாதிரி கடைசி வழியாக ஆஸ்பத்திரித் தனிமை. அதை நான் மறுக்கவில்லை. அப்போதும் குடும்பத்துக்குச் சாப்பாடு போக வேண்டும், வெளியே வந்ததும் வேலை இருக்க வேண்டும். 2020ல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே, அப்புறம் எத்தனை பேர் காய்ச்சலை மறைத்தார்கள் என்று நாம் எல்லோரும் பார்த்தோம்.


பேசின்பிரிட்ஜ் | வியாழன், காலை 8.00

அக்கா, ஹவுஸ் ஓனரிடம் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எங்கள் சங்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வருவார்கள். சண்டைக்கு இல்லை. சிஸ்டரும் வந்தால் நல்லது, அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.


வியாசைஅக்கா | ஞாயிறு, இரவு 9.50

நான்கு நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சிஸ்டரும் பேசின்பிரிட்ஜ் தம்பியும் வந்தார்கள். தெருவில் நின்று பேசாமல் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசினோம். அவர் சம்சாரத்துக்கு ஒரு மாதமாக இருமல் இருப்பது அங்கேதான் தெரிந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சிஸ்டர் மறுநாளே கூட்டிப் போய்ச் சளி கொடுக்க வைத்தார். டிபி இல்லை என்று வந்துவிட்டது. காலி செய்யச் சொன்னதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் கேட்டேன், தரவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இன்னும் நாங்கள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

புகார் மனு கொடுத்துவிட்டேன். அந்த ஊழியர் தானாகவே வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு நாளைக்கு அவர் எத்தனை வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அம்மா அவருக்குக் காபி கொடுத்தார். இனி தம்பியை பஸ் ஸ்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஈஎஸ்ஐ எண் இருக்கிறது! யார்டில் தம்பியின் நண்பன் கண்டுபிடித்துச் சொன்னான். மூன்று வருஷமாகப் பிடித்திருக்கிறார்கள். நாளைக்கு அலுவலகம் போகிறோம். இட்லி 60 வரை வந்திருக்கிறது. தம்பி எடை 50.5.

அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. ஒரு சந்தேகம் மட்டும். என் சின்னவளுக்கு மூன்று வயது, மாமா மேலேயே கிடப்பாள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அவளுக்கும் மாத்திரை கொடுக்கணுமா?


சிஸ்டர்_ஓட்டேரி | ஞாயிறு, இரவு 10.05

ஐந்து வயதுக்குக் கீழே, அதனால் அவசியம். முதலில் நோய் இல்லை என்று பார்த்துவிட்டு எடைக்கு ஏற்ற அளவில் ஐசோனியசிட் என்கிற தடுப்பு மாத்திரை, தினமும், ஆறு மாதம். பொடித்து ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் வாசலில் நிற்கிறேன். வரும்போது என்ன விஷயம் என்று யார் கேட்டாலும் தடுப்பூசி என்று சொல்லிவிடுங்கள்.


மூன்றுபிள்ளைஅப்பா | ஞாயிறு, இரவு 10.20

பொடித்தால் கசக்கும் அக்கா, துப்பிவிடுவாள். என் பெண்ணுக்குக் கொஞ்சம் வாழைப்பழத்தில் பிசைந்து, வயிறு காலியாக இருக்கும்போதே கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுத்தோம். நீங்களும் கேளுங்கள்.